மந்தையை விட்டுருங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். மேலூர் பக்கம் ஒரு கிராமத்துல இருந்து எழுதுறேன், ஊர் பேரு மட்டும் கேக்காதீங்க, பேரு போட்டா நாளைக்கு காலைல என் வீட்டு வாசல்ல தான் பஞ்சாயத்து கூடும். விஷயம் இதுதான், எங்க ஊர் மந்தையில, அதான் ஊர் பொதுத்திடல்ல, போன மாசம் நாலு பேரு வந்து அளந்தாங்க, சிவப்பு பெயிண்ட் அடிச்ச குச்சிய நட்டாங்க, என்னய்யான்னு கேட்டா வணிக வளாகம் வருது, மேல கல்யாண மண்டபம், ஊருக்கு வளர்ச்சின்னு சொல்லிட்டு போயிட்டாங்க. அதுல மூணு குச்சிய மறுநாளே பயலுக புடுங்கி கிரிக்கெட் ஸ்டம்ப்பா ஊன்டிட்டானுக, அது வேற கதை.

மந்தைன்னா சும்மா கெடக்குற பொட்டல்னு வெளியில இருந்து வர்றவங்க நெனைக்கிறாங்க. தை மாசம் வாடிவாசல் அங்கதான், மாசியில சாமி கும்பிடு அங்கதான், ராட்டினக்காரன் வர்றது, வளையல் கடை, சேவு மிட்டாய் கடை போடுறது, விடிய விடிய வள்ளி திருமணம் நாடகம் நடக்குறது எல்லாம் அங்கதான். மத்த நாள்ல நெல்லு காயும், ஆடு மாடு நிக்கும், போலீஸ் செலக்‌ஷனுக்கு போற புள்ளைக காலைல அஞ்சு மணிக்கு ஓடும். வருஷத்துல ஒரு நாள் கூட சும்மா கெடந்ததில்ல.

மாடு வளக்குறவன்ங்கிறதால ஜல்லிக்கட்ட பத்தி கொஞ்சம் கூடவே சொல்றேன். எல்லாரும் வாடிவாசலயே பாக்குறாங்க, டிவியிலயும் அதுதான் வருது. மாடு வெளிய வந்து பதினஞ்சு மீட்டர், மூணு துள்ளு, அதுக்குள்ள வீரர் திமில்ல தொங்குனாரா இல்லையான்னு முடிஞ்சிரும். ஆனா மாட்டுக்காரனுக்கு அதுக்கப்புறம் தான் உசுரு துடிக்கும். உள்ள வச்சு மூக்கணாங்கயிற அறுத்து விட்ட மாடு, கூட்டத்த தாண்டி வந்ததும் எங்க ஓடும்? எங்க ஊர்ல மந்தையோட கெழக்கு பக்கம் அப்படியே கம்மாய்க்கரை வரைக்கும் தெறந்து கெடக்கும், மாடு அந்த வெளிச்சத்த பாத்து ஓடிப்போய் கரை ஏறி நின்னு மூச்சு வாங்கும், நாங்க அங்க வடத்தோட நிப்போம், பேர சொல்லி கூப்புட்டா பக்கத்துல வந்துரும். அந்த கெழக்கு பக்கத்துல தான் இப்ப கட்டடம் போட போறாங்களாம். சுவர கண்ட மாடு என்ன பண்ணும், திரும்பி கூட்டத்துக்குள்ள தான் பாயும். சாவு வர்றது மாடுபுடியில மட்டும் இல்ல சார், மாடு வெளியேறுற எடத்துல வேடிக்கை பாத்துட்டு நின்னவங்களும் எத்தனையோ ஊர்ல குத்துப்பட்டு செத்திருக்காங்க. ஓடுற மாடு கெணத்துல விழுந்த சேதியும் உங்க பேப்பர்லயே வருது.

இன்னொன்னு யாரும் யோசிக்கல. 2017ல சட்டம் போட்டதுக்கு அப்புறம் நெனச்ச எடத்துல மாடு அவுக்க முடியாது. எந்த ஊருக்கு அனுமதின்னு அரசு தனியா உத்தரவு போடணும், அதுக்கு முன்னாடி அதிகாரிங்க வந்து எடத்த பாப்பாங்க, எட்டடி உயரத்துக்கு ரெண்டடுக்கு தடுப்பு, கீழ தென்னை நாரு, மாடுக வரிசையா நிக்க எடம், டாக்டர் பரிசோதிக்க எடம், கேலரி, ஆம்புலன்ஸ் வழி, கடைசியில மாடு சேகரிக்கிற எடம் எல்லாம் இருக்கணும். மந்தைய பாதியா வெட்டுனா இதுல ஒன்னுக்குமே எடம் இருக்காது. அப்புறம் தடை போட சுப்ரீம் கோர்ட் எல்லாம் தேவையில்ல, 'போதிய இடவசதி இல்லை'ன்னு ஒரு வரி எழுதுனா முடிஞ்சது. 2014ல தடை வந்தப்ப ஊரே அழுதுச்சு, 2017 ஜனவரியில எங்க ஊர் புள்ளைக போராட்டத்துக்கு மதுரை தமுக்கம் மைதானத்துல ராத்திரி பகலா ஒக்காந்துச்சுக, 2023 மே 18ந் தேதி அஞ்சு ஜட்ஜு பெஞ்ச் சட்டம் செல்லும்னு சொன்னப்ப வெடி வெடிச்சோம். இம்புட்டும் செஞ்சுட்டு மாடு அவுக்குற மண்ண விட்டுட்டா எப்படி.

அலங்காநல்லூர் பக்கம் கீழக்கரையில தான் ஜல்லிக்கட்டுக்குன்னே அம்மாம்பெரிய அரங்கம் கட்டிருக்காங்களே, மாட்ட அங்க கொண்டு போன்னு ஒருத்தர் சொன்னாரு. 2024 ஜனவரியில தெறந்தாங்க, நானும் போய் பாத்தேன், நல்லாத்தான் இருக்கு, குறை சொல்ல மாட்டேன். ஆனா அங்க ஆன்லைன்ல டோக்கன் போட்டு கெடைச்சா தான் மாடு உள்ள போகும். எங்க கோயில் காளைக்கு யாரு டோக்கன் போடுறது? முதல்ல சாமி மாடு வெளிய வரணும், அத யாரும் தொட மாட்டாங்க, கும்புட்டு அனுப்பிட்டு தான் மத்த மாடு. நேந்துகிட்டவங்க இந்த மண்ணுல தான் நேந்துகிட்டாங்க.

மதுரைக்காரவுகளுக்கு இது புதுசா என்ன. மாட்டுத்தாவணின்னு தெனமும் கண்டக்டர் கத்துறாரு, தாவணின்னா மாட்டுச்சந்தைன்னு எத்தனை பேருக்கு தெரியும்? மாடு போயிருச்சு, பஸ்ஸு நிக்குது, பேரு மட்டும் மிச்சம். தமுக்கம் நாயக்கர் காலத்துல யானைச் சண்டை நடந்த எடம்னு சொல்லுவாக, எங்க அப்பா காலத்துல இருந்து சித்திரை பொருட்காட்சிக்கு வண்டி கட்டிட்டு போன எடம், அங்கயும் ஸ்மார்ட் சிட்டின்னு சொல்லி ஏசி ஹாலு கட்டிட்டாங்க. ஹாலு வேணாம்னு சொல்லல. எந்த திட்டம் வந்தாலும் காலி எடத்த தான் முதல்ல தேடுறாங்கன்னு சொல்றேன், எங்க ஊர்லயே பஸ் ஸ்டாப் பக்கத்துல பூட்டிக் கெடக்குற பழைய கட்டடம் ஒன்னு பத்து வருஷமா ஒழுகிட்டு கெடக்கு, கடை வேணும்னா அத இடிச்சு கட்டட்டும்.

கணக்கும் சொல்றேன். ஊர் நெலக்கணக்கான 'அ' பதிவேட்டுல அந்த எடம் மந்தை புறம்போக்குன்னு இருக்கு, நான் காப்பி வாங்கி வச்சிருக்கேன். 2011 ஜனவரியில ஜக்பால் சிங் வழக்குல சுப்ரீம் கோர்ட் கிராமத்து பொது நெலம் ஊர் மக்களோட பொது உபயோகத்துக்குன்னு தெளிவா சொல்லியிருக்கு, நெலமில்லாத கூலிக்காரங்களுக்கு கொடுத்தது, ஏற்கனவே பள்ளிக்கூடம் ஆஸ்பத்திரி இருக்கிறது மாதிரி சிலதுக்கு தான் விதிவிலக்கு. மொபைல் கடைக்கும் பேக்கரிக்கும் வாடகைக்கு விடுறது அதுல எதுல வருதுன்னு விவரம் தெரிஞ்சவங்க சொல்லட்டும். கேட்டா கிராமசபையில தீர்மானம் ஆயிருச்சுன்னு ஒரு பேப்பர காட்டுறாங்க. அன்னைக்கு நானும் இருந்தேன், தண்ணி டேங்க் பத்தியும் தெருவிளக்கு பத்தியும் தான் பேசுனாங்க, வருகைப் பதிவேடுன்னு சொல்லி ஒரு நோட்டுல கையெழுத்து வாங்குனாங்க, அவ்வளவுதான்.

நவம்பர் 1ந் தேதி உள்ளாட்சி தினத்துக்கு மறுபடி கிராமசபை வருது. மந்தைய அப்படியே விடணும், சுத்தி வேலி போட்டு ஊர் பேர்ல போர்டு வைக்கணும்னு எழுதிக் கொடுக்க போறோம், அத வாசிச்சு மினிட்ஸ் புத்தகத்துல ஏத்துன பெறகு தான் கையெழுத்து. பெருசுக எல்லாரையும் அன்னைக்கு மறக்காம கண்ணாடி எடுத்துட்டு வர சொல்லியிருக்கோம்.

இப்படிக்கு,
மாடு வளக்குற ஒரு வாசகர்,
மேலூர் வட்டம், மதுரை மாவட்டம்