வாசகர் வட்டத்தின் ஆண்டறிக்கை: பாத்திரங்களின் நிறம் பற்றிப் பத்துக் கூட்டங்கள்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஆண்டு முழுக்க ஒரே பொருளைப் பேசுவது என்று சென்ற பொதுக்குழுவில் முடிவெடுத்தோம். கதைப் பாத்திரங்களின் இனமும் நிறமும் என்ற தலைப்பை முன்மொழிந்தவர் துணைத் தலைவர். மூன்று கூட்டத்தில் பேசி முடித்துவிடலாம் என்றார். பத்துக் கூட்டம் நடந்தும் முடிந்தபாடில்லை.

முதல் கூட்டம் சுமுகம். 'ஹங்கர் கேம்ஸ்' நாவலில் வரும் ரூ என்ற சிறுமியை எடுத்துக்கொண்டோம். 2012இல் படம் வந்தபோது அந்த வேடத்தில் ஒரு கருப்பினச் சிறுமியைப் பார்த்து ரசிகர்கள் சிலர் கொதித்தார்கள். 2008இல் வந்த நாவலிலோ, அவளுக்கு அடர் பழுப்பு நிறத் தோல், பழுப்பு நிறக் கண்கள் என்று எழுதியே இருக்கிறது. வாசித்தவர்கள் அந்த வரியைத் தாண்டிப் போயிருக்கிறார்கள். நம்மில் இரண்டு பேரும் தாண்டித்தான் போயிருந்தார்கள் என்பதை அவர்கள் சம்மதத்தோடு பதிவு செய்கிறேன். நாயகி காட்னிஸின் 'ஆலிவ் நிறத் தோல்' என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று கேள்வி வந்தது. மாநிறம் என்றார் ஒருவர். "யாரோட மாநிறம்?" என்றார் இன்னொருவர். அதோடு நேரம் முடிந்தது.

ஹெர்மயனியிடம் வந்ததும் சுமுகம் போயிற்று. ஹாரி பாட்டர் கதையின் தொடர்ச்சியாக 2016இல் லண்டனில் மேடையேறிய நாடகத்தில் வளர்ந்த ஹெர்மயனியாக நோமா டூமெஸ்வேனி என்ற கருப்பின நடிகை நடித்தார். முந்தைய டிசம்பரில் அந்த அறிவிப்பு வந்தபோதே சண்டை கிளம்பிவிட்டது. பழுப்புக் கண், சுருண்டு பரட்டையான முடி, நல்ல புத்தி, இவ்வளவுதான் கதையில் உண்டு, வெள்ளைத் தோல் என்று எங்கும் எழுதவில்லை என்றார் ஆசிரியர் ரௌலிங். மறுத்தவர்கள் மூன்றாம் புத்தகத்தைத் திறந்தார்கள். ஒரு மரத்தின் பின்னாலிருந்து ஹெர்மயனியின் வெள்ளை முகம் எட்டிப் பார்ப்பதாக அதில் ஒரு வரி இருக்கிறது.

நம் நூலகப் பிரதியில் இந்த வரியின் கதி என்ன என்பதைச் சொல்லியாக வேண்டும். ஒருவர் பென்சிலால் கோடு போட்டிருக்கிறார். அடுத்தவர் நீலப் பேனாவில் ஓரத்தில் 'பயம்!' என்று எழுதியிருக்கிறார். மூன்றாமவர் அந்தப் 'பயம்' மேல் குறுக்கே அடித்து 'தோல்' என்று எழுதியிருக்கிறார், சிவப்பு மையில். கையெழுத்து யாருடையது என்று எனக்குத் தெரியும். நூலகப் புத்தகத்தில் எழுதக் கூடாது என்ற விதியை மட்டும் இங்கே நினைவூட்டுகிறேன்.

தமிழில் இந்தத் தகராறே வந்திருக்காது என்பது என் கட்சி. 'அவனுக்கு முகம் வெளுத்துப் போச்சு' என்று யாரைப் பற்றியும் சொல்கிறோம். கன்னங்கரேலென்று இருப்பவருக்கும் பயத்தில் முகம் வெளுக்கத்தான் செய்கிறது. இதைச் சொன்னதும், மொழிபெயர்ப்பை வைத்து மூலத்துக்குத் தீர்ப்பு எழுதாதீர்கள் என்று ஓர் இளம் உறுப்பினர் என்னை உட்கார வைத்தார். சரி, நியாயம்தான்.

அப்புறம் 'வுதரிங் ஹைட்ஸ்' வந்தது. எமிலி ப்ராண்டி எழுதி 1847இல் வெளியான இந்த நாவலில் முதல் அத்தியாயமே நாயகன் ஹீத்க்ளிஃபைக் கருத்த தோலுடைய ஜிப்ஸி போன்ற தோற்றம் கொண்டவன் என்கிறது. லிவர்பூல் தெருவிலிருந்து எடுத்துவரப்பட்ட பிள்ளை. பக்கத்து வீட்டுக் கனவான் பார்த்துவிட்டு, இவன் ஒரு குட்டி லஸ்கரோ, அமெரிக்கனோ, ஸ்பானியனோ என்று யோசிக்கிறார். லஸ்கர் என்றால் ஐரோப்பியக் கப்பல்களில் வேலை பார்த்த நம் பக்கத்து மாலுமி. 2011இல் வந்த படத்தில் கருப்பின நடிகர்கள் அந்த வேடத்தைச் செய்தார்கள். அதற்கு முன் பெரும்பாலும் வெள்ளை நடிகர்கள்தான், யாரும் பெரிதாகப் பக்கத்தைப் புரட்டவில்லை.

அன்று நம் மூத்த உறுப்பினர் எழுந்து மூன்றாம் அத்தியாயத்தை வாசித்தார். கையில் மெழுகுவர்த்தி உருகி விரலில் வழிய, பின்னால் இருக்கும் சுவரைப் போல முகம் வெளுத்து நிற்கிறான் ஒருவன். அதே ஹீத்க்ளிஃப்! கருத்தவன் என்று எழுதிய அதே கை எழுதியது. ஹெர்மயனி வழக்கு தீர்ந்தது என்று நான் குறிப்பேட்டை மூடப் போனேன். "அப்படின்னா ஹீத்க்ளிஃபும் வெள்ளைக்காரன்தானே?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். ஒரு வழக்கு இரண்டானது. அடுத்த இரு கூட்டங்களும் அதிலேயே போயின.

ஏழாம் கூட்டத்தில் செயலாளரே மாட்டிக்கொண்டேன். ஜூல் வெர்ன் எழுதிய நீர்மூழ்கிக் கப்பல் தலைவர் கேப்டன் நீமோவை எனக்குப் பத்து வயதிலிருந்து தெரியும். தாடி வைத்த வெள்ளைக்காரர், 1954ஆம் ஆண்டுப் படத்தில் நடித்த ஜேம்ஸ் மேசனின் முகம். ஆனால் 1870களில் வந்த 'மர்மத் தீவு' நாவலில் வெர்ன் சொல்வது வேறு: நீமோ இளவரசர் டக்கார், புந்தேல்கண்ட் ராஜாவின் மகன், 1857 கிளர்ச்சியில் ஆங்கிலேயருக்கு எதிராக நின்றவர். முதலில் அவரை ரஷ்யர்கள் மேல் வன்மம் கொண்ட போலந்துக்காரராக்க வெர்ன் நினைத்தார், பதிப்பாளர் தடுத்தார். நீமோ முதலில் வரும் 'கடலுக்கடியில் இருபதாயிரம் லீக்' நாவலிலேயே மன்னார் வளைகுடாவில் ஓர் இந்திய முத்துக்குளிப்பவரைச் சுறாவிடமிருந்து காப்பாற்றி, முத்துப் பையையும் கொடுத்துவிட்டு, அவன் ஒடுக்கப்பட்ட நாட்டவன், நானும் கடைசி மூச்சுவரை அந்த நாட்டவன் என்கிறார் நீமோ. அந்தப் பக்கத்தை நான் எத்தனையோ முறை படித்திருக்கிறேன். சுறா மட்டும்தான் நினைவில் நின்றது. 2003இல் நசீருதீன் ஷா நீமோவாக வந்தபோது, "ஏன் இந்தியரைப் போட்டார்கள்?" என்று கேட்டவன் நான்.

கற்பனைப் பாத்திரத்துக்கு எதற்கு இனம், விட்டுத் தள்ளுங்கள் என்று பொருளாளர் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லி வருகிறார். ஒன்பதாம் கூட்டத்தில் ஒரு மாணவி அவருக்குப் பதில் சொன்னார்: "விட்டுத் தள்ளச் சொல்றது எப்பவும் கருத்த முகம் வரும்போதுதான் சார்." பொருளாளர் பதில் சொல்லவில்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. இரண்டையும் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறேன்.

இனி அலுவல். பாத்திரத்தின் தோற்றம் பற்றிப் பேசுபவர் பக்க எண்ணோடு பேச வேண்டும் என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. மனம் மாறியதாக எழுத்துமூலம் தெரிவித்தவர் எவரும் இல்லை. கருத்த படைத்தலைவனைப் பற்றிய ஷேக்ஸ்பியர் நாடகம் ஒதெல்லோ அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைக்கப்படுகிறது. 1997இல் வாஷிங்டனில் நாயகன் பேட்ரிக் ஸ்டூவர்ட் வெள்ளையராகவும் சுற்றியிருந்தவர்கள் பெரும்பாலும் கருப்பினத்தவராகவும் அதை நடித்த கதையை யாராவது தயாரித்து வந்து பேசலாம். கூட்டம்தோறும் நாற்காலி அடுக்கித் தந்த இரு இளைஞர்களுக்கும், என் குறிப்புகளைத் திருத்திய துணைச் செயலாளருக்கும் நன்றி.

'மர்மத் தீவு' பிரதியை எடுத்துப் போனவர் தயவுசெய்து திருப்பித் தரவும். நீமோ தான் யார் என்று சொல்லும் அத்தியாயத்துக்கு இன்னும் நான்கு பேர் காத்திருக்கிறார்கள்.

இவண்,
செயலாளர்