முத்திரை இல்லாமல் வந்த மூன்று இதழ்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் வெளியான காமிக்ஸ் பற்றிய கட்டுரை, சூப்பர் ஹீரோ கதைகள் பெரியவர்களும் படிக்கத்தக்கவையாக மாறியதன் பெருமை முழுவதையும் 1986-இல் தொடங்கிய 'வாட்ச்மென்', 'தி டார்க் நைட் ரிட்டர்ன்ஸ்' ஆகிய இரு தொடர்களுக்கே வழங்கிவிட்டது. அவற்றின் தகுதியில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு நடந்ததைக் கட்டுரையாளர் ஒரு வரியிலும் தொடாதது பெருங்குறையாகப்பட்டது.

காமிக்ஸ் சிறுவர்களைக் கெடுக்கிறது என்று மனநல மருத்துவர் ஃபிரெட்ரிக் வெர்தாம் 1954-இல் நூல் எழுத, அமெரிக்க செனட்டின் துணைக்குழு ஒன்றும் அதே ஆண்டு விசாரணை நடத்த, அரசு தலையிடுவதற்குள் பதிப்பாளர்கள் தாங்களே ஒரு தணிக்கை அமைப்பை ஏற்படுத்திக்கொண்டனர். காவலர், நீதிபதி, அரசு அதிகாரி ஆகியோர் மீது மரியாதைக் குறைவு தோன்றும்படி எழுதக்கூடாது, தீமையை நன்மை வென்றே தீரவேண்டும் என்றெல்லாம் அதன் விதிகள் கூறின. இது சட்டம் அல்ல. ஆயினும் அட்டையில் அந்த அமைப்பின் ஒப்புதல் முத்திரை இல்லாத இதழை விற்பனைக்கு எடுக்க விநியோகஸ்தர்கள் தயங்கியதால், சட்டத்தைவிட வலுவாக இருந்தது.

போதைப்பொருளின் தீங்கை விளக்கிக் கதை எழுதும்படி அமெரிக்க அரசின் சுகாதார, கல்வி, நலத்துறையே மார்வெல் பதிப்பகத்தின் ஆசிரியர் ஸ்டான் லீயைக் கேட்டுக்கொண்டது. அவர் எழுதிய கதையோ போதையைக் கண்டிப்பது. இருந்தும் போதைப்பொருள் என்ற பேச்சே கூடாது என்று தணிக்கையாளர்கள் மறுத்துவிட்டனர். (அரசு கேட்டதை அரசுக்குப் பயந்து பிறந்த அமைப்பு தடுத்த வேடிக்கையை என்னவென்பது!) 'அமேசிங் ஸ்பைடர்மேன்' 96 முதல் 98 வரையிலான மூன்று இதழ்களும் 1971-இல் முத்திரை இல்லாமலே வெளிவந்தன, அதே ஆண்டில் விதியும் தளர்ந்தது. சில மாதங்களில் போட்டிப் பதிப்பகமான டிசியில் எழுத்தாளர் டென்னி ஓ'நீலும் ஓவியர் நீல் ஆடம்ஸும் கிரீன் ஆரோ என்ற நாயகனின் வளர்ப்புப் பிள்ளையையே ஹெராயினுக்கு அடிமையானவனாகக் காட்டினார்கள். ஊரைக் காப்பவன் தன் வீட்டுப் பையனைக் கவனிக்கத் தவறினான் என்ற அந்தக் குற்றச்சாட்டை, பின்னாளில் வந்த எந்த ரத்தக்களரியையும்விட முதிர்ச்சியானது என்பேன்.

1973-இல் பாலத்திலிருந்து விழும் தன் காதலி க்வென் ஸ்டேசியைக் காப்பாற்ற ஸ்பைடர்மேன் வலை வீசுகிறான். வலை அவளைப் பிடித்தும்விடுகிறது, ஆனால் அந்தத் திடீர் இழுப்பிலேயே அவள் உயிர் போகிறது. அவள் எப்படி இறந்தாள் என்று துளைத்தெடுத்த வாசகர்களுக்கு, பின்னர் ஓர் இதழின் கடிதப் பகுதியில்தான் இந்த விளக்கம் கிடைத்தது என்பது என்னைப் போன்ற கடிதம் எழுதிகளுக்கு இனிப்பான செய்தி.

விற்பனை முறையின் மாற்றத்தையும் சொல்லியாக வேண்டும். விற்காத பிரதிகளைத் திருப்பித் தராமல் முன்பணத்தில் வாங்கிக்கொள்ளும் தனி காமிக்ஸ் கடைகள் எழுபதுகளில் பெருகத் தொடங்கின. அவற்றின் வாடிக்கையாளர்கள் வளர்ந்த வாசகர்கள். அக்கடைகளுக்கு முத்திரை தேவைப்படவில்லை. கட்டுரையாளர் புகழும் இரு தொடர்களும் முத்திரையின்றி வெளிவர இந்த வழியே துணைநின்றது. அதற்குப் பிறகும் அந்த முத்திரை நெடுநாள் ஒட்டிக்கொண்டிருந்தது: மார்வெல் 2001-லும் டிசி 2011-லும்தான் அதைக் கைவிட்டன.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
திருச்சி.