றிமோட்டிலிருந்தே வாசலுக்குப் பேச விடுங்கள்

தொலைக்காட்சியும் வீடியோ அழைப்புமணியும் தயாரிக்கும் நிறுவனங்களுக்கு,

வணக்கம். கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியிலிருந்து எழுதுகிறேன். இங்கே பல வீடுகளில் பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும் இருக்க, அம்மா அப்பா மட்டும் தனியே இருக்கிறார்கள். நான் வேலைக்குப் போனபின் என் அம்மாவும் தனிதான்.

மணி அடித்தால் வாசலில் நிற்பவரின் முகம் ரீவியில் வந்துவிடுகிறது. சரி, பதில் சொல்வது எப்படி? கைத்தொலைபேசியைத் தேடியெடுத்து, செயலிக்குள் போய், பேசும் பொத்தானைக் கண்டுபிடிக்க வேண்டும். முழங்கால் வலியோடு அம்மா எழும்பிக் கதவடிக்குப் போவதற்குள் கூரியர்காரப் பெடியன் லிப்டில் இறங்கிவிடுகிறான்.

இத்தனைக்கும் அம்மாவின் கையில் றிமோட் இருக்கிறது, அதில் மைக்கும் இருக்கிறது. பொத்தானை அழுத்திப் படத்தின் பெயரைச் சொல்லித் தேட அவருக்கு நன்றாகத் தெரியும். குரல் புளூடூத் வழியே ரீவிக்குப் போகிறது. ரீவியும் மணியும் ஒரே வைஃபையில்தான் இருக்கின்றன. வாசல் திரையில் தெரியும்போது அதே பொத்தான் வாசலோடு பேசட்டும். அழுத்தினால் பேசவும் விட்டால் கேட்கவும் முடிந்தால் போதும். அந்நேரம் ரீவிச் சத்தம் தானாகக் குறைய வேண்டும், இல்லாவிட்டால் நாடக வசனமும் சேர்ந்து வெளியே கேட்கும்.

மணியிலேயே பதிந்துவைத்த பதில்கள் இருக்கின்றனவே என்பீர்கள். நான் பார்த்தவற்றில் தமிழும் இல்லை, சிங்களமும் இல்லை. மீற்றர் பார்க்க வருபவர் சிங்களவராக இருந்தால், அம்மா தன் குரலில் 'பொட்டக் இன்ன' (கொஞ்சம் நில்லுங்கள்) என்றால் நின்றுகொள்வார். முன்பின் தெரியாத ஆளென்றால் கதவைத் திறக்காமலே என்ன வேண்டும் என்று கேட்கலாம். தனியே இருக்கும் வயதானவருக்கு அது எவ்வளவு பெரிய காவல்!

ஆனால் ஒன்று. அந்தக் குரல் மணிக்கு மட்டுமே போக வேண்டும், குரல் உதவியாளருக்கு அல்ல. எங்கும் சேமிக்கவும் கூடாது. மைக் திறந்திருப்பது திரையில் பெரிதாகத் தெரிய வேண்டும்.

ரீவி ஒரு கம்பனி, மணி வேறு கம்பனி என்பதும் இனிச் சாட்டு அல்ல. வெவ்வேறு கம்பனிகளின் வீட்டுச் சாதனங்கள் ஒன்றோடொன்று இணைந்து வேலைசெய்வதற்கான பொதுத் தரநிலைதான் மாட்டர் (Matter). 2025 நவம்பரில் வெளிவந்த அதன் 1.5 பதிப்பு கமராக்களையும் அவற்றின் இருவழிப் பேச்சையும் சேர்த்துக்கொண்டுவிட்டது. அதைக் கையிலெடுங்கள். அப்புறம், எந்த ரீவியில் இது வேலை செய்யும், ஏற்கெனவே வீட்டிலுள்ள றிமோட்டுக்கும் மென்பொருள் புதுப்பிப்பாகக் கிடைக்குமா என்பதைப் பெட்டியிலேயே எழுதுங்கள். ரொறன்ரோவில் கடையில் நிற்கும் பிள்ளை அதை வாசித்துத்தான் அம்மாவுக்கு வாங்குவாள்.

இப்படிக்கு,
வெள்ளவத்தையிலிருந்து ஒரு மகள்