செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: மூட்டைக்குள் இருப்பதை முதலில் பார்ப்போம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, பேரவைக்கு வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை, கால்நடை மருத்துவர்களும் தீவனக் கலவை எழுதுபவர்களும் சேர்ந்த நம் சங்கம் செய்த பணிகளை இந்த அறிக்கையில் வைக்கிறேன். மாதக் கூட்டங்கள் நடந்தன. மழைக்காலத்தில் தள்ளிப்போன கூட்டம் அடுத்த மாதக் கூட்டத்தோடு சேர்த்து நடத்தப்பட்டது. கூட்டக் குறிப்புகள் எல்லோருக்கும் அனுப்பப்பட்டுவிட்டதால் அவற்றை இங்கே திரும்ப வாசிக்கவில்லை. தீவன ஆலையிலும் மாட்டுத் தொட்டியிலும் மாற்றம் கொண்டுவந்த பணிகளையும், இனிக் கொண்டுவர வேண்டியவற்றையும் மட்டும் விரித்துச் சொல்கிறேன்.

இந்த ஆண்டு நம்மை அதிகம் அலைக்கழித்தது மக்காச்சோளம். 2023 டிசம்பரில் கரும்புச் சாற்றிலிருந்து எத்தனால் எடுப்பதற்கு மத்திய அரசு கட்டுப்பாடு விதித்த பிறகு, எத்தனால் ஆலைகளின் பார்வை மக்காச்சோளத்தின் பக்கம் திரும்பியது. பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கும் இலக்கு ஒரு பக்கம், நாமக்கல் முட்டைக்கோழிப் பண்ணைகளின் தேவை மறு பக்கம் என ஒரே தானியத்துக்கு இருவர் கை நீட்டினார்கள். முட்டை உற்பத்திச் செலவில் ஏறக்குறைய 70 சதவீதம் தீவனத்துக்கே போகிறது. மக்காச்சோளம் விலை ஏறினால் பண்ணையாளர் முதலில் தொலைபேசியில் அழைப்பது தீவனக் கலவை எழுதித் தரும் நம்மைத்தான். "எதைக் குறைக்கலாம், எதைச் சேர்க்கலாம்?" என்ற கேள்விக்கு ஆண்டு முழுவதும் பதில் சொன்னோம்.

கம்பும் குருணையும் மாற்றாகப் பேசப்பட்டன. கம்பில் மக்காச்சோளத்தைவிடப் புரதம் அதிகம். ஆனால் மஞ்சள் கருவுக்கு நிறம் தரும் நிறமிகள் கம்பிலும் இல்லை, குருணையிலும் இல்லை. மக்காச்சோளத்தை வெகுவாகக் குறைத்த பண்ணைகளில் கரு வெளுத்தது. முட்டை சத்துக் குறைந்தது என்று வாங்குபவர்கள் நினைத்துக்கொண்டார்கள். துலுக்கச் சாமந்தி இதழ்ச் சாற்றைச் சேர்த்து நிறத்தை மீட்கும் வழியை ஆகஸ்ட் கூட்டத்தில் விரிவாகப் பேசினோம். கருவின் நிறம் வேறு, முட்டையின் புரதம் வேறு என்பதைப் பண்ணையாளர்கள் வியாபாரிகளிடம் எடுத்துச் சொல்லவும் ஒரு பக்கக் குறிப்பு தயாரித்துக் கொடுத்தோம்.

எத்தனால் ஆலைகள் தானியத்தை எடுத்துக்கொண்டு, அதன் கழிவைத் தீவனமாகத் திருப்பி அனுப்புகின்றன. சந்தையில் டிடிஜிஎஸ் என்று எல்லோரும் சொல்லும் இந்தச் சரக்கைப் பற்றித்தான் நம் உறுப்பினர்களிடையே கருத்து வேறுபாடு வலுவாக இருந்தது. விலை மலிவு, புரதம் அதிகம் என்பது ஒரு சாராரின் வாதம். அதில் பொய் இல்லை. ஆனால் தானியத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மாவுச்சத்து. அது நொதித்து எத்தனாலாகப் போனபின் மிஞ்சும் மூன்றில் ஒரு பங்கில் புரதமும் நாரும் கொழுப்பும் செறிவாகின்றன. பூஞ்சை நச்சும் அதே அளவில் செறிவாகிறது. உள்ளே போன மக்காச்சோளத்தில் அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நச்சு 10 பிபிபி, அதாவது கிலோவுக்கு 10 மைக்ரோகிராம், இருந்தால், வெளியே வரும் டிடிஜிஎஸ்ஸில் சுமார் 30 பிபிபி இருக்கும். நொதித்தலோ உலர்த்தும் சூடோ அதை அழிப்பதில்லை.

அதே சூடு, புரதத்திலுள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தைக் கெடுக்கிறது. அளவுக்கு மீறி உலர்த்திய சரக்கு கரும்பழுப்பாக, தீய்ந்த வாசனையோடு இருக்கும். அதில் லைசின் சர்க்கரையோடு பிணைந்து, கோழிக்குச் செரிக்காமல் போய்விடும். ஜெல்டால் முறையில் நைட்ரஜனை அளந்து 6.25 ஆல் பெருக்கிப் புரதம் சொல்கிறோம். செரிக்கும் லைசின் எது, பிணைந்த லைசின் எது என்று அந்த எண் காட்டாது. நைட்ரஜன் நிறைந்த யூரியாவைக் கலந்த புண்ணாக்குக்கும் அது உயர்ந்த எண்ணைத்தான் தரும். புரத சதவீதத்தை மட்டும் பார்த்து விலை பேசும் வழக்கத்தை நாம் விட்டாக வேண்டும். இதைச் செயலாளராக அல்ல, ஆண்டுக்கணக்கில் கலவை எழுதுகிறவனாகச் சொல்கிறேன்.

இந்த விவாதத்தின் தொடர்ச்சியாகத்தான் மாதிரி எடுக்கும் பயிற்சி நடந்தது. இந்த ஆண்டு நாம் செய்தவற்றில் மிக முக்கியமானது இதுவே என்று நான் கருதுகிறேன். நம்மில் பலருக்கு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவனப் பகுப்பாய்வு ஆய்வகம் அருகிலேயே இருக்கிறது. தனியார் ஆய்வகங்களும் உண்டு. நச்சை அளக்க எலிசா, எச்பிஎல்சி என்று கருவிகளுக்குக் குறைவில்லை. ஆனால் ஆய்வகத்துக்குப் போகும் பொட்டலம் பெரும்பாலும் லாரியின் பின்கதவருகே இருக்கும் முதல் மூட்டையிலிருந்து கையால் அள்ளியதாக இருக்கிறது. அஃப்ளாடாக்சின் மூட்டை முழுவதும் சமமாகப் பரவியிருப்பதில்லை. பூஞ்சை பிடித்த சில மணிகளில் மட்டும் மிக அதிகமாக இருக்கும். பக்கத்திலிருக்கும் மணிகள் சுத்தமாக இருக்கும். அந்தச் சில மணிகள் பொட்டலத்தில் விழுந்தால் ஒரு முடிவு, விழாவிட்டால் வேறொரு முடிவு.

பயிற்சியை ஒரு தீவன ஆலையின் குடோனிலேயே வைத்தோம். ஒரே சரக்கை இரண்டு குழுக்களிடம் கொடுத்தோம். முதல் குழு முன்வரிசையில் கைக்கு எட்டிய மூட்டையிலிருந்து எடுத்தது. இரண்டாவது குழு குத்தூசியை எடுத்துக்கொண்டு அட்டியின் மேல், நடு, அடி என எல்லா அடுக்கிலும் குத்தியது. சுவரோரம் அடிவரிசையில் குத்தியபோது ஊசியோடு வந்த மக்காச்சோளம் கட்டிகட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தது. மூக்கருகே கொண்டுபோனதும் புழுக்க வாடை. எல்லாவற்றையும் தார்ப்பாயில் கொட்டிக் கலந்து, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்குகளை மட்டும் வைத்துக்கொண்டு, மீண்டும் கலந்து பிரித்து, மிஞ்சியதை முழுவதுமாக அரைத்த பிறகே பொட்டலம் கட்டினார்கள். ஆய்வுச் சீட்டுகள் வந்தபோது முதல் குழுவின் மாதிரியில் அஃப்ளாடாக்சின் வரம்புக்குள் இருந்தது. இரண்டாவது குழுவின் மாதிரியில் வரம்பைத் தாண்டியிருந்தது. சரக்கு ஒன்றேதான். அந்த ஆலையின் கொள்முதல் மேலாளர் இரண்டு சீட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மறு வாரமே அடிவரிசைக்கு மரச்சட்டங்கள் போட்டு, சுவரிலிருந்து இடைவெளி விட்டு அட்டி அடுக்கத் தொடங்கியதாகத் தெரிவித்தார்.

இவ்வளவு அக்கறை எதற்கு என்று கேட்பவர்களுக்குப் பாலைத்தான் காட்ட வேண்டும். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர ஆணையம் 2018-இல் நாடு முழுவதும் 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தது. 368 மாதிரிகளில், தீவனத்திலுள்ள அஃப்ளாடாக்சின் பி1 மாட்டின் உடலில் மாறிப் பாலில் இறங்கும் வடிவமான அஃப்ளாடாக்சின் எம்1 வரம்பைத் தாண்டியிருந்தது. தமிழ்நாட்டில் எடுத்த 551 மாதிரிகளில் 88. எண்ணிக்கையில் மாநிலங்களில் இதுவே அதிகம். பாலில் தண்ணீர் கலந்தால் அது ஒருவரின் குற்றம். இது மாட்டின் வாய் வழியாக, நாம் பரிந்துரைக்கும் தீவனம் வழியாக வருகிறது. ஆகவே இது நம் பொறுப்பு.

கணக்கு எளிது. 100 பிபிபி அஃப்ளாடாக்சின் பி1 உள்ள தீவனத்தை ஒரு மாடு நாளைக்கு 5 கிலோ தின்றால் 500 மைக்ரோகிராம் உள்ளே போகிறது. அதில் 2 சதவீதம் எம்1 ஆகப் பாலுக்கு வந்தால் 10 மைக்ரோகிராம். 10 லிட்டர் கறக்கும் மாட்டில் லிட்டருக்கு 1 மைக்ரோகிராம். அனுமதிக்கப்பட்ட அளவோ 0.5 தான். தீவனம் 20 பிபிபி வரம்புக்குள் இருந்தால் அதே மாட்டின் பாலில் லிட்டருக்கு 0.2. பாலைக் காய்ச்சினாலும் இந்த நச்சு போகாது. நல்ல செய்தி ஒன்று உண்டு: கெட்ட தீவனத்தை நிறுத்திய சில நாட்களிலேயே பால் தெளிந்துவிடும்.

இந்தக் கணக்கைப் பால் கூட்டுறவுச் சங்கங்களின் வாசலில், காலைப் பால் ஊற்ற வருபவர்களிடம் விளக்கினோம். கடலைப் புண்ணாக்கைச் சாக்கோடு மண்தரையில் வைத்திருக்கும் ஓர் அம்மா, பூஞ்சை பிடித்ததை வெயிலில் நன்றாகக் காயவைத்துக் கொடுத்தால் போதாதா என்று கேட்டார். காய்ந்தால் பூஞ்சை மேலும் வளராது, ஆனால் அது ஏற்கெனவே உமிழ்ந்த நச்சு அப்படியே இருக்கும் என்று நம் இளைய உறுப்பினர் அவருக்கு விளக்கினார். அவர் உடனே கேட்ட அடுத்த கேள்வி, "அப்படியானால் இந்த மூட்டைக்குக் கொடுத்த பணத்தை யார் தருவார்கள்?" என்பது. அந்தக் கேள்விக்கு நம்மிடம் பதில் இல்லை. கீழே வரும் தீர்மானம் அதிலிருந்து பிறந்ததுதான்.

தீவனத்தில் கலந்து நச்சைப் பிடித்து வைக்கும் நச்சுப் பிணைப்பிகள் பற்றியும் ஒரு வார்த்தை. களிமண் வகைப் பிணைப்பிகள் அஃப்ளாடாக்சினை நன்றாகப் பிடிக்கின்றன. மற்றப் பூஞ்சை நச்சுகள் பலவற்றின் மீது அவற்றுக்குப் பிடிப்புக் குறைவு. "எல்லா நச்சுக்கும் ஒரே மருந்து" என்று எந்தப் பை சொன்னாலும் அதைப் பண்ணையாளரிடம் நாம் வழிமொழியக் கூடாது.

தை மாதத்தில் மாட்டுப் பொங்கல் முன்னெச்சரிக்கைப் பணி. ஆண்டுதோறும் அன்று மாலையும் மறுநாளும் கால்நடை மருந்தகங்களுக்கு வரும் மாடுகளை இங்கிருக்கும் மருத்துவர்கள் அனைவரும் அறிவீர்கள். அன்போடு ஊட்டிய பொங்கல் சோறு அசையூண் பையில் விரைந்து நொதித்து லாக்டிக் அமிலமாகிறது. அமிலம் ஏறினால் நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் மடிகின்றன. மாடு அசைபோடாது, தீனி எடுக்காது, வயிறு கனத்து நிற்கும், பேதியாகும், முற்றினால் படுத்துவிடும். வழிபாட்டைக் குறைக்கச் சொல்லி யாரிடமும் நாம் பேசவில்லை. ஒரு கைப்பிடி பொங்கலைப் பசும்புல்லோடு சேர்த்துக் கொடுங்கள், வீடு வீடாக ஒரே மாட்டுக்கு ஊட்டாதீர்கள், மிச்சச் சோற்றைத் தொட்டியில் கொட்டாதீர்கள் என்று துண்டறிக்கை கொடுத்தோம். கோயில் ஒலிபெருக்கியில் இதை வாசிக்க இசைந்த ஊர்ப் பெரியவர்களுக்கு நன்றி. கல்யாண மண்டபத்து மிச்ச உணவுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும் என்பதால், வரும் ஆண்டில் முகூர்த்த மாதங்களிலும் இதைத் தொடர நிர்வாகக் குழு முடிவு செய்திருக்கிறது.

சேலம், நாமக்கல் பகுதி ஜவ்வரிசி ஆலைகளிலிருந்து வரும் மரவள்ளித் திப்பி பற்றி ஓர் அமர்வு நடந்தது. மாவுச்சத்து நிறைய, புரதம் மிகக் குறைவு. அதைத் தவிட்டுக்கு ஈடாக நினைத்துக் கொடுப்பவர்கள், புண்ணாக்கையோ வேலிமசால் போன்ற பயறுவகைத் தீவனத்தையோ சேர்த்தாக வேண்டும். ஈரத் திப்பியைக் குவித்து வைத்தால் பூசணம் பிடிப்பதும் விரைவு.

செல்லப்பிராணிகள் பற்றிய மாலைக் கூட்டத்துக்கு எதிர்பார்த்ததைவிட அதிகம் பேர் வந்தார்கள். எலும்பில்லாத கோழிக்கறியும் சோறும் மட்டுமே தின்று வளர்ந்து, முன்னங்கால்கள் வளைந்து, தொட்டாலே கத்திய குட்டி ஒன்றின் எக்ஸ்ரே படத்தை நம் உறுப்பினர் காட்டினார். கறியில் கால்சியத்தைப் போலப் பல மடங்கு பாஸ்பரஸ் இருக்கிறது. குறைந்த கால்சியத்தை ஈடுகட்ட உடல் எலும்பிலிருந்து எடுத்துக்கொள்கிறது. வளர்ப்பவர்கள் குறை வைக்கவில்லை. விலை கொடுத்து நல்ல கறியாகத்தான் வாங்கிப் போட்டிருக்கிறார்கள். உலகச் சிறு விலங்கு கால்நடை மருத்துவச் சங்கம் 2011-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், உடல் வெப்பம், நாடி, மூச்சு, வலி ஆகியவற்றோடு ஊட்டச்சத்து நிலையையும் ஐந்தாவதாக ஒவ்வொரு முறையும் பார்க்கச் சொல்கிறது. நம் மருந்தகங்களில், மெலிவையும் பருமனையும் மதிப்பிடும் 9 புள்ளி உடல்நிலை அட்டவணையைச் சுவரில் ஒட்ட முடிவானது. அட்டவணை தமிழில் அச்சாகி, இன்று வாசலில் வைக்கப்பட்டிருக்கிறது, எடுத்துச் செல்லுங்கள்.

கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கை உணவுக்கான விலங்குகளில் பயன்படுத்த 2019 ஜூலையில் தடை வந்த பின்னும், வளர்ச்சிக்காக ஆன்டிபயாடிக் கலந்த தீவனம் கேட்கும் பண்ணையாளர்கள் இருக்கிறார்கள். குடிநீர்க் குழாய் சுத்தம், கூள ஈரம், குஞ்சுகளின் முதல் வாரப் பராமரிப்பு ஆகியவற்றைச் சரிசெய்யாமல் எந்த மாற்றுப் பொருளும் கைகொடுக்காது என்பதே அந்த அமர்வின் முடிவு.

இந்த ஆண்டு நம் மூத்த உறுப்பினர் ஒருவரை இழந்தோம். கணினி வருவதற்கு முன்பே, கலவை விகிதத்தைக் கணக்கிடும் பியர்சன் சதுரத்தைக் கரும்பலகையில் வரைந்து பண்ணையாளர்களுக்கே கலவை போடக் கற்றுக்கொடுத்தவர். அவர் கைப்பட எழுதிய கலவைக் குறிப்பேடுகளைக் குடும்பத்தினர் சங்க நூலகத்துக்குத் தந்திருக்கிறார்கள். அவருக்கு அஞ்சலி செலுத்தி ஒரு நிமிடம் எழுந்து நிற்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

புதிய உறுப்பினர்களில் பெண் கால்நடை மருத்துவர்களும் தீவன ஆலைத் தரக் கட்டுப்பாட்டு அலுவலர்களும் கணிசமாக இருப்பது மகிழ்ச்சி தருகிறது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சந்தா நிலுவை வைத்திருப்பவர்கள் இன்றே செலுத்தினால் குத்தூசிகளும் ஈரமானியும் வாங்கும் வேலை தடைபடாது.

நிர்வாகக் குழு பேரவையின் முன் வைக்கும் தீர்மானங்கள் இரண்டு. விற்பனைக்கு வரும் புண்ணாக்கு, டிடிஜிஎஸ், கலப்புத் தீவன மூட்டைகளில் புரதத்தோடு ஈரப்பதம், அஃப்ளாடாக்சின் அளவு, தயாரித்த நாள் ஆகியவற்றையும் தமிழில் அச்சிட வேண்டும் என்றும், வரம்பு மீறிய சரக்கைத் திரும்பப் பெற்றுப் பணம் தரும் முறை வேண்டும் என்றும் அரசைக் கேட்டுக்கொள்வது முதலாவது. பால் சங்கங்களுக்கு மழைக்காலத்தில் சுழற்சி முறையில் நம் உறுப்பினர்கள் சென்று குத்தூசியால் மாதிரி எடுத்து, ஆய்வுக் கட்டணத்தைச் சங்க நிதியிலிருந்து செலுத்துவது இரண்டாவது. இரண்டாவது தீர்மானத்துக்கு உங்கள் கைகள் மட்டும் போதாது, நேரமும் வேண்டும். பெயர் கொடுக்கும் பதிவேடு என் மேசையில் இருக்கிறது.

இடம் தந்த ஆலை நிர்வாகத்துக்கும், உரையாற்றிய பேராசிரியர்களுக்கும், துண்டறிக்கைகளை ஊர் ஊராகக் கொண்டுசேர்த்த கால்நடை ஆய்வாளர்களுக்கும் சங்கத்தின் நன்றி. இந்த அறிக்கையையும் தீர்மானங்களையும் பேரவையின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்