லண்டனோடு திரும்பிவிடாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விடுமுறைக்கு இங்கிலாந்து வரும் நம்மவர்களுக்குத் தங்கள் சுற்றுலாப் பக்கம் காட்டும் இடங்கள் லண்டன், ஆக்ஸ்போர்டு, ஸ்டோன்ஹெஞ்ச் என்று ஒரே வட்டத்துக்குள் நின்றுவிடுகின்றன. சந்தை கூடும் பழைய ஊர் ஒன்றையாவது அதில் சேர்க்க வேண்டும். என்னைக் கேட்டால் வேல்ஸ் எல்லையோரம், ஷ்ராப்ஷயரில் உள்ள லட்லோவைச் சொல்வேன். சுமார் பத்தாயிரம் பேர் வாழும் ஊர்தான். ஆனால் அதன் கோட்டைக்கும் நம் சரித்திரத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு.

லண்டனிலிருந்து நேரடி ரயில் கிடையாது. யூஸ்டனில் ஏறி குரூவில் மாறலாம். பாடிங்டனில் ஏறி நியூபோர்ட்டிலும் மாறலாம். எப்படிப் போனாலும் மூன்று மணி நேரம் ஆகிவிடும். காலையில் போய் இரவே திரும்பிவிடலாம் என்று கிளம்புகிறவர்கள் ஊரைப் பார்ப்பதைவிட ரயிலில் உட்கார்ந்திருப்பதுதான் அதிகம். இரண்டு இரவு தங்குங்கள். 'அட்வான்ஸ்' டிக்கெட்டைப் பல வாரம் முன்பே எடுத்தால் மலிவு. ஆனால் அதில் குறித்த ரயிலைத் தவறவிட்டால் டிக்கெட் செல்லாது. முதல் ரயில் தாமதமாகி இணைப்பு ரயில் போய்விட்டால் அடுத்ததில் ஏறவிடுவார்கள். அதற்கு முழுப் பயணத்துக்கும் சேர்த்தே டிக்கெட் எடுப்பது நல்லது. இருவராகப் போகிறவர்கள் 'டூ டுகெதர்' ரயில்கார்டு வாங்கினால் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும். வார நாட்களில் காலை 9.30க்கு முன் அது செல்லாது.

அடுத்து கிழமை. பலர் கோட்டை விடுவது இதில்தான். கோட்டை வாசலில் உள்ள சதுக்கத்தில் திங்கள், புதன், வெள்ளி, சனி சந்தை கூடும். செவ்வாயன்று போனால் வெறும் சதுக்கத்தைப் பார்த்துவிட்டு வர வேண்டியதுதான். மாதத்தின் இரண்டாம், நான்காம் வியாழனில் சுற்றுவட்டாரத்தில் விளைந்ததையும் செய்ததையும் விற்கும் தனிச் சந்தை உண்டு. அந்த வாரம் புதன் மாலை வந்து வெள்ளி மதியம் கிளம்பினால் இரண்டு சந்தையும் கிடைக்கும். காலை பத்து மணிக்குள் போய்விடுங்கள். பிற்பகலில் கடையைக் கட்டத் தொடங்கிவிடுவார்கள். சைவ உணவுக்காரர்கள் சீஸ் வாங்கும்போது, பாலைத் திரியவைக்கச் சேர்க்கும் ரென்னட் எது என்று கேட்க வேண்டும். பழைய முறைப்படி செய்தவற்றில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த ரென்னட் இருக்கும்.

சந்தைக்குக் கிழக்கே உள்ள சந்துகளைக் கடந்துபோகாமல் நின்று பாருங்கள். 1066இல் பிரான்சிலிருந்து வந்து இங்கிலாந்தைக் கைப்பற்றிய நார்மானியர் திட்டமிட்ட இந்த ஊரில் கோட்டை வாசல் முதல் புல் ரிங் என்ற தெரு வரை ஒரே அகன்ற சந்தைத் தெருவாக இருந்தது. நடுவே போட்ட தற்காலிகக் கடைகள் நிரந்தரக் கடைகளாகி, பிறகு மாடி வீடுகளாகிவிட்டன. ஹார்ப் லேன் போன்ற குறுகிய சந்துகள் அப்படி மிஞ்சியவை. வீட்டு மனைகள் நம் அக்ரகாரத்து வீடுகளைப் போல முகப்பு குறுகி, பின்னால் கொல்லை நீண்டு கிடப்பவை. பட்டர்கிராஸ் என்ற பழைய கட்டடத்திலிருந்து பிராட் தெருவில் இறங்கினால், ஊர் மதிலின் ஏழு வாயில்களில் இன்று எஞ்சி நிற்கும் ஒரே வாயில் வரும். தெரு நல்ல சரிவு. சக்கரப் பெட்டியை அறையில் வைத்துவிட்டு நடங்கள்.

செயின்ட் லாரன்ஸ் தேவாலயத்தில் பாடகர் இருக்கைகளின் மடக்குப் பலகைக்கு அடியில் 15ஆம் நூற்றாண்டு மரச்சிற்பங்கள் உள்ளன. குனிந்துதான் பார்க்க வேண்டும். ஒரு சிற்பத்தில், அளவில் ஏமாற்றிய மதுக்கடைக்காரி ஒருத்தியைப் பேய் தோளில் போட்டு நரகத்துக்குத் தூக்கிச் செல்கிறது. இன்னொரு பேய் அவள் பாவப் பட்டியலை வாசிக்கிறது. மற்றொன்று பைக்குழல் ஊதுகிறது. அவள் கையில் அந்தக் கள்ள அளவுக் குவளை அப்படியே இருக்கிறது! சந்தை ஊர் எதைப் பெரும் பாவமாக நினைத்தது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பொருள் அந்த ஊரில் இல்லை. கோபுரம் ஏற சுமார் 200 படிகள். முழங்கால் வலி உள்ளவர்கள் தவிர்க்கலாம்.

கோட்டைக்குள் பெரும்பாலும் கூரையில்லாச் சுவர்கள்தான். பட்டத்து இளவரசர் ஆர்தர் 1502 ஏப்ரல் 2 அன்று இங்கே இறந்ததால்தான் அவருடைய தம்பி எட்டாம் ஹென்றி அரசரானார். நாம் அறிய வேண்டியது வேறொன்று. 1811இல் இந்தக் கோட்டையை அரசிடமிருந்து விலைக்கு வாங்கியவர் ராபர்ட் கிளைவின் மகன் எட்வர்ட் கிளைவ். 1798 முதல் 1803 வரை சென்னை ஆளுநர் அவரே. 1799இல் கயத்தாறில் கட்டபொம்மனும் 1801இல் திருப்பத்தூரில் மருது சகோதரர்களும் தூக்கிலிடப்பட்டது அவர் ஆட்சியில். நம் வீட்டுப் பிள்ளைகளை அந்தச் சுவரருகே நிறுத்தி இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

சாப்பாட்டு நேரத்தில் கவனம் தேவை. பல பப்களில் மதியச் சமையல் இரண்டு, இரண்டரை மணியோடு நின்றுவிடும். மறுபடி ஆறு மணிக்குத்தான். ஞாயிறன்று பெரிய கடைகள் ஆறு மணி நேரம் மட்டுமே திறந்திருக்கச் சட்டம் அனுமதிக்கிறது. செப்டம்பரில் கோட்டையில் நடக்கும் உணவுத் திருவிழாவின்போது அறை கிடைப்பது கடினம்.

இன்னும் ஒரு நாள் கையில் இருந்தால் ஷ்ரூஸ்பரிக்கு அரை மணி ரயில் பயணம். அங்கே மாறினால் அரை மணிக்குள் வெல்ஷ்பூல். அந்த நிலையத்திலிருந்து ஒரு மைல் சொச்சம் நடந்தால் கிளைவ் குடும்பத்தின் பவிஸ் கோட்டை. திப்பு சுல்தானின் கூடாரமும் அவர் சிம்மாசனத்தை அலங்கரித்த புலித்தலை ஒன்றும் அங்கேதான் சேர்ந்தன. அடுத்த கோடை விடுமுறைச் சிறப்புப் பக்கத்தில் இந்த இரண்டு கோட்டைகளையும் சேர்த்து எழுதும்படி தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பர்மிங்காம்