மாதம் ஒரு நாள் தோல் டாக்டர் வரட்டும், ஐயா

மாவட்டச் சுகாதார அதிகாரிகளுக்கு வணக்கம்.

எங்கள் கிளினிக்குக்கு மாதம் ஒரு நாளாவது தோல் டாக்டரை அனுப்பச் சொல்லி நாங்கள் கொடுத்த மனுக்கள் உங்கள் மேசையில் கிடக்கின்றன. பழைய கதை வேண்டாம். போன வாரம் அம்மாவை விடியற்காலை 4 மணிக்கே வேனில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். ‘டாக்டர் லீவு, மூன்று மாதம் கழித்து வாங்க’ என்று தேதியை மாற்றி எழுதிக் கொடுத்தார்கள்.

அம்மாவுக்கு வாய்ப்புண்ணில் தொடங்கியது. இப்போது முதுகெல்லாம் கொப்புளம். துணியில் படுத்தால் தோல் துணியோடு வந்துவிடுகிறது. அதனால் தினமும் சாயங்காலம் வாழையிலை வெட்டி, ஈரம் துடைத்து, நடுநரம்பைச் சீவிப் பாயில் விரிக்கிறேன். எட்டு மாதமாகக் கிளினிக்கில் கொடுப்பது சொறிக்குப் பூசும் கிரீம். ‘பெம்பிகஸாக இருக்கலாம், சோதித்தால்தான் தெரியும்’ என்று இப்போது சொல்கிறார்கள். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தோலைத் தாக்கிக் கொப்புளமாக்கும் நோயாம் அது.

நான் செம்பனை நர்சரியில் வேலை செய்பவன். அந்த நோயின் பெயரைத் தேடிப் படித்தபோது நாற்றுச் சமாசாரம் ஒன்று கண்ணில் பட்டது. 1920களின் கடைசியில் அமெரிக்காவின் பால்டிமோரில் பெல்ஸ், மாக்ட் என்ற இருவர், நோயாளியின் ரத்தச் சீரம் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீர்) கலந்த நீரில் வெள்ளை லூபின் என்ற பயறுவகைச் செடியின் நாற்றை விட்டு வேரை அளந்திருக்கிறார்கள். மற்றவர்கள் சீரத்தில் நீளும் வேர், பெம்பிகஸ்காரர் சீரத்தில் குட்டையாக நின்றுவிடுமாம். அப்புறம் 1964இல், தோலைத் தாக்கும் எதிர்ப்பொருள் அந்தச் சீரத்தில் இருப்பதை பியூட்னரும் ஜோர்டனும் ஒளிரும் சாயத்தால் ஒளிரவைத்தே காட்டிவிட்டார்கள். நாற்றுக்கு வேலை போயிற்று. அதற்கும் 60 வருஷம் ஆகிவிட்டது. எங்கள் ஊருக்குத்தான் இரண்டுமே வந்து சேரவில்லை.

டாக்டரை அனுப்ப முடியாது என்றால் சொல்லிவிடுங்கள். நர்சரியில் பாலித்தீன் பைக்குப் பஞ்சமில்லை; ஒரு ரூலர் வாங்கி நாற்று வேரை நாங்களே அளந்துகொள்கிறோம். தேர்தல் வந்தால் ஒரே ராத்திரியில் தார் ரோடு வருகிறது. திருவிழாவில் மாலை போட்டுக்கொள்ள ஒய்பி, அதாவது எங்கள் மக்கள் பிரதிநிதி, தவறாமல் வருகிறார். கொப்புளத்தைப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

சரி, கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னிக்க வேண்டும். தயவுசெய்து மாதம் ஒரு நாள் தோல் டாக்டர் இங்கே வர ஏற்பாடு செய்யுங்கள். அதுவரை, ரத்தத்தையும் தோல் துண்டையும் எங்கள் கிளினிக்கிலேயே எடுத்துச் சோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். மூன்று மாதத்துக்கு இலை போதாது. வீட்டுக்குப் பின்னால் இரண்டு வாழைதான் மிச்சம்.

பணிவுடன்,
ஒரு நர்சரித் தொழிலாளி