தார் ஊற்றுபவருக்கும் பயிற்சி வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குண்டும் குழியுமான சாலைகளைப் படமெடுத்து வெளியிடுவதைத் தங்கள் நாளிதழ் ஒரு கடமையாகவே செய்துவருகிறது. அப்படங்களோடு வரும் செய்திகளில் நிதி ஒதுக்கீடு, ஒப்பந்தம், முறைகேடு, தாமதம் எல்லாம் தவறாமல் பேசப்படுகின்றன. அந்தக் குழியை அடைக்கப்போகும் தொழிலாளிக்கு, அதை எப்படி அடைக்க வேண்டும் என்று யாராவது எப்போதாவது சொல்லிக்கொடுத்தார்களா என்ற கேள்வி மட்டும் எழுவதில்லை. உள்ளாட்சிச் சாலைப் பணிகளை நீண்ட காலம் மேற்பார்வையிட்டு ஓய்வுபெற்றவன் என்ற முறையில் அதை எழுப்பவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

சில வாரங்களுக்கு முன், மழை விட்டிருந்த ஒரு காலையில், நான் நடைப்பயிற்சிக்குச் செல்லும் வழியில் மூவர் ஒரு குழியை அடைத்துக்கொண்டிருந்தனர். குழிக்குள் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. ஒருவர் அதைத் துடைப்பத்தால் தள்ளினார். பாதி வெளியேறியது, பாதி திரும்பி வந்தது. அதன் மேலேயே தாரும் ஜல்லியும் சேர்ந்த கலவையைக் கொட்டி, மண்வெட்டியின் பின்புறத்தால் நான்கு தட்டுத் தட்டிவிட்டு அடுத்த குழிக்கு நகர்ந்துவிட்டார்கள். "கெட்டிப்படுத்த வேண்டாமா?" என்று கேட்டேன். "வண்டிங்க ஏறி ஏறித் தானா அமுங்கிடும் ஐயா" என்றார் அவர்களில் மூத்தவர். எட்டாம் நாள் அந்தக் கலவை ஜல்லியும் தூளுமாகச் சாலையோரத்தில் கிடந்தது. அவர் சோம்பலால் அப்படிச் செய்தார் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அவருக்கு முன் வேலை பார்த்தவர் செய்ததைப் பார்த்துப் பழகியிருக்கிறார். அந்த முன்னவரும் அப்படித்தான் பழகியிருப்பார்.

குழியின் சிதைந்த ஓரங்களை உறுதியான பகுதி வரை செங்குத்தாக வெட்டி எடுப்பது, தூசியும் ஈரமும் போகச் சுத்தம் செய்வது, அடியிலும் சுவரிலும் எமல்ஷனை, அதாவது நீரில் நுண்துளிகளாகக் கலந்த தாரை, மெல்லியதாகப் பூசுவது, சூடு ஆறுவதற்குள் கலவையை நிரப்பி இறுக்குவது ஆகிய ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. காரணம் தெரியாதவருக்கு அவை வெறும் சடங்குகள். அவசரம் வந்தால் முதலில் விட்டுவிடத் தோன்றுபவையும் அவைதான். எமல்ஷனையே எடுத்துக்கொள்வோம். ஊற்றியதும் தவிட்டு நிறத்தில் இருக்கும் அது, நீர் பிரிந்ததும் கறுப்பாகும். கறுத்த பிறகே கலவையைப் போட வேண்டும். பணியில் சேர்ந்த புதிதில் எனக்கு இது தெரியாது. அதிகமாக ஊற்றினால் அதிகமாக ஒட்டும் என்று நம்பி, பழைய தார்ப்பரப்பின் மேல் எமல்ஷனைத் தாராளமாக ஊற்றச் சொன்னேன். ஒட்ட வேண்டிய பொருளே வழுக்கவைக்கும் பொருளாகிவிட்டது. வெயில் ஏறியதும் புதிய பரப்பு நகர்ந்து, தார் மேலே கசிந்து, சாலை நெளிந்துபோனது. பொறியியல் படித்தவனான நானே வேலையைக் கெடுத்துத்தான் அதைக் கற்றுக்கொண்டேன் என்றால், படிக்க வாய்ப்பில்லாத ஒருவரை எந்த வாயால் கடிந்துகொள்வது?

சூட்டின் கதையும் இதுவே. ஏறத்தாழ 140 டிகிரி செல்சியஸில் விரிக்கப்படும் சூடான கலவை 80 டிகிரியை நெருங்கிவிட்டால், அதன் பிறகு ரோலரை எத்தனை முறை ஓட்டினாலும் பெரிதாக இறுகாது. மெல்லிய அடுக்காக இருந்து காற்றும் வீசினால், அந்த அவகாசம் சில நிமிடங்களே. லாரி வந்து நின்ற பிறகு ரோலர் ஓட்டுநரைத் தேடினால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இறுகாத பரப்புக்குள் நீர் இறங்கும். அடுத்த குழி அங்கேதான் விழும்.

அந்த மூத்தவர் சொன்னது முழுக்கத் தவறும் அல்ல என்பதையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்க நெடுஞ்சாலை ஆய்வுத் திட்டம் ஒன்றில் குழி அடைக்கும் முறைகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சூடாக்காமலே பயன்படுத்தும் தரமான குளிர்கலவையைக் குழியில் இட்டு, லாரிச் சக்கரத்தை அதன் மேல் பலமுறை ஏற்றி இறுக்கும் எளிய முறை, ஓரம் வெட்டிச் செய்யும் முறைக்கு ஈடாகவே நீடித்ததைக் கண்டார்கள். ஆனால் அங்கே கலவை தேர்ந்தெடுக்கப்பட்டது. சக்கரம் வேண்டுமென்றே ஏற்றப்பட்டது. இறுகிய பின் ஒட்டுப்பகுதி சாலை மட்டத்திலிருந்து சற்றே மேடாக நிற்கிறதா என்றும் பார்க்கப்பட்டது. போகிற வண்டிகள் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுப்போவது வேறு. எந்த இடத்தில் குறுக்குவழி செல்லும், எந்த இடத்தில் செல்லாது என்ற தெளிவைத்தான் நான் பயிற்சி என்கிறேன்.

சாலை கெட்டால் மீண்டும் போடலாம். உயிர் விஷயத்தில் அப்படிச் சொல்ல முடியாது. கழிவுநீர்த் தொட்டிகளிலும் குழாய்களிலும் சேரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவுக்கு அழுகிய முட்டையின் நாற்றம் உண்டு என்பது பலருக்கும் தெரியும். வாயுவின் அளவு கூடும்போது அது மூக்கின் மோப்ப சக்தியையே மரத்துப்போகச் செய்துவிடும் என்பது பலருக்குத் தெரியாது. நாற்றம் நின்றுவிட்டது, வாயு போய்விட்டது என்று இறங்குபவர் ஆபத்தின் உச்சத்தில் இறங்குகிறார். அவரைத் தூக்க இறங்குபவரும் அங்கேயே சாய்கிறார். ஆளை இறக்காமல் இயந்திரத்தால் செய்வதே முறை. மூடியைத் திறக்கும் ஒவ்வொருவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். குழாய் பதிக்கத் தோண்டும் பள்ளமும் இத்தகையதே. ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்குக் குறையாது. மார்பளவு புதைந்தாலே மூச்சு விட முடியாது. சாலையில் வேலை நடக்கும் இடத்துக்குப் பத்தடி முன்னால் ஒரு கல்லையும் மரக்கிளையையும் வைத்துவிட்டு, அதைத் தடுப்பு என்கிறோம். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வருபவர் ஆபத்தை உணர்ந்து வண்டியை நிறுத்த ஏறத்தாழ 60 மீட்டர் தேவை. இந்த ஒரு கணக்கை அரை மணி நேரத்தில், சாலையில் நடந்து அளந்தே காட்டிவிடலாம்.

பயிற்சிகள் நடப்பதே இல்லை என்று நான் சொல்லவில்லை. குளிரூட்டிய அரங்கில், திரையில் படம் காட்டி, பொறியாளர்களுக்கு நடக்கின்றன; நானும் பலவற்றில் அமர்ந்திருக்கிறேன். சான்றிதழும் குழுப்படமும் தவறியதில்லை. அங்கே கேட்டது மண்வெட்டி பிடிப்பவரிடம் போய்ச் சேர்ந்ததா என்று எவரும் பின்னர் விசாரித்ததில்லை. ஒப்பந்தத் தொழிலாளர் நிலை இன்னும் மோசம். கற்றுக்கொடுத்தால் வேறிடம் போய்விடுவார் என்று ஒப்பந்ததாரர் கருதுகிறார்; அவர் எங்கள் ஊழியரே அல்லர் என்று நிர்வாகம் ஒதுங்கிக்கொள்கிறது.

அமெரிக்காவில் 1982-இல் தொடங்கப்பட்ட உள்ளாட்சிச் சாலைகளுக்கான உதவித் திட்டம், இன்று எல்லா மாநிலங்களிலும் பயிற்சி மையங்களைக் கொண்டிருக்கிறது. சிறிய ஊர் நிர்வாகங்களின் சாலைப் பணியாளர்களே அதன் முதன்மை மாணவர்கள். பல மையங்களில் ஒவ்வொரு வகுப்பின் நேரமும் பணியாளரின் கணக்கில் சேர்ந்துகொண்டே போய், குறிப்பிட்ட அளவை எட்டியதும் சான்றாகிறது. என்னை ஈர்த்தது இந்த அம்சம்தான். சான்று தொழிலாளியின் கையில் இருந்தால், ஒப்பந்ததாரர் மாறினாலும் கற்றது அவரோடு போகும். அடுத்த ஒப்பந்தத்தில் சான்று பெற்றவர் இத்தனை பேர் இருந்தாக வேண்டும் என்று நிபந்தனை வைக்கவும் முடியும். பயிற்சி நாளுக்கு முழுக் கூலி உண்டு என்பதும் அதே நிபந்தனையில் எழுதப்பட வேண்டும். கூலியை இழந்து பாடம் கேட்க எவரும் வர மாட்டார்.

செலவு தாங்காது என்பார்கள். பக்கத்துப் பக்கத்து நிர்வாகங்கள் நான்கைந்து சேர்ந்து ஒரு பயிற்சியாளரை அமர்த்திக்கொண்டு, மழைக்காலத்துக்கு முன் அவரை வேலை நடக்கும் சாலைக்கே அனுப்பலாம். கருவிகளும் எளியவையே. மண் சாலையில் நீர் நிற்காமல் வழிய நடுவிலிருந்து ஓரத்துக்கு 4 விழுக்காடு சரிவு வேண்டும் என்பதை, சாலை மண்ணைச் சீவிச் சமப்படுத்தும் கிரேடர் இயந்திரத்தின் ஓட்டுநருக்குக் கரும்பலகையில் விளக்குவது கடினம். இரண்டு மீட்டர் நீளப் பலகையின் ஒரு முனைக்கடியில் 8 சென்டிமீட்டர் கட்டையைப் பொருத்தி, மேலே ரசமட்டத்தை வைத்துக் கையில் கொடுத்துவிட்டால், கட்டை உள்ள முனையை ஓரத்தின் பக்கம் வைத்து, குமிழி நடுவில் நிற்கிறதா என்று அவரே பார்த்துக்கொள்வார். அப்படி ஒரு பலகையைச் செய்து நான் கொடுத்த ஓட்டுநர், நான் ஓய்வுபெறும் வரை அதை வண்டியிலிருந்து இறக்கவே இல்லை.

தங்கள் செய்தியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பெயர்ந்துபோன ஒட்டுவேலையின் படத்தை வெளியிடும்போது, அதற்கு எவ்வளவு செலவானது என்று கேட்பதோடு, அந்த வேலையைச் செய்த குழுவினர் கடைசியாக எப்போது, எத்தனை மணி நேரம், யாரிடம் பயிற்சி பெற்றார்கள் என்றும் உரிய அலுவலகத்தில் கேட்டு, கிடைக்கும் பதிலையும் அதே செய்தியில் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற சாலைப் பணி மேற்பார்வையாளர்